ஜனாதிபதிக்கு வோட்டுப் போட முதல் ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கோ

2022 ஜூன் மாசம், யாழ்ப்பாணத்தில மண்ணெண்ணெய் லைன். விடிய நாலரைக்குப் போய் கானை வைச்சிட்டு, எல்லாற்ற கானையும் ஒரே கயித்தில கோத்துக் கட்டிப்போட்டு மதில் ஓரமா குந்திக்கொண்டிருக்கிறம். எனக்குப் பக்கத்தில ஒரு தோட்டக்கார ஐயா, இணுவில் பக்கம், வெங்காயம் செய்யிறவர். நான் வழமை போல "கோத்தாபயவுக்குப் போட்ட அந்த 69 லட்சம் பேரும் சேந்து எங்களையும் கொண்டுவந்து இதில இருத்திப்போட்டாங்கள்" எண்டு துவங்கினன். ஐயா சிரிச்சுப்போட்டு, "தம்பி, நீ ஏன் அவருக்குப் போடேல்ல?" எண்டு கேட்டார். இதென்ன கேள்வி ஐயா, அந்தாள் ஆர் எண்டு எங்களுக்குத் தெரியாதே எண்டன். "அது குழந்தைப் பிள்ளைக்கும் தெரியும். வற் வரியைப் பாதியாக் குறைக்கிறன் எண்டு சொன்னவரெல்லே, அதைக் கேட்டிட்டு அண்டைக்கு நீ என்ன யோசிச்சனி?" எண்டார். நான் ஒண்டும் யோசிக்கேல்ல. உண்மையைச் சொன்னா, சாமான் விலை குறையும் தானே எண்டு உள்ளுக்க ஒரு சந்தோசம் கூட இருந்திருக்கும்.

அந்தக் கேள்வி கனநாள் மண்டைக்க கிடந்து குடைஞ்சது. நாங்கள் போட்ட வோட்டு சரிதான், ஆனா ஆளில பாதியை மட்டும் பாத்துப்போட்டுத்தான் போட்டிருக்கிறம். அதால தான் இதை எழுதுறன். பாதி நாடு தெய்வம் எண்டு கும்பிடுற, மற்றப் பாதி பேய் எண்டு பயப்பிடுற ஒரு ஆள் ஜனாதிபதிக் கதிரைக்குக் கேக்கேக்க, அந்த வேலைக்கு ஆள் சரிவருமோ எண்டு வீட்டில இருந்துகொண்டு நாங்களே எப்பிடிப் பாக்கிறது. உதாரணத்துக்கு கோத்தாபய ராஜபக்சவையே எடுக்கிறன், ஏனெண்டா அவற்ற கணக்கு திறந்து மூடியாச்சு. 2019 நவம்பர் 16 இல 69 லட்சத்து 24 ஆயிரத்து 255 வோட்டு, 52.25 வீதம். 2022 ஜூலை 13 இல மாலைதீவுக்கு பிளேன். இடையில நடந்தது முழுக்க பதிவில கிடக்கு, ஆரும் இல்லையெண்டு சொல்லேலாது.

முதல்ல, பாக்கிறதெல்லாத்தையும் எழுதி வைக்க ஒரு தடிச்ச சி.ஆர். கொப்பி. ஃபோனில அடிக்கலாம் தானே எண்டு கேப்பீங்கள், அடிக்கலாம், ஆனா ஃபோன் மாத்தேக்க அது போயிடும், அதோட தேர்தல் சூட்டில நாலு மாசம் முந்தி அடிச்சதை சத்தம் போடாம மாத்தி அடிக்க மனம் வரும். பேனையால எழுதினா, வெட்டினாலும் வெட்டின அடையாளம் நிக்கும். ஆள் ஆர் எண்டு பாக்க முதல், வேட்புமனு குடுக்க முதலே, முதல் பக்கத்தில வேலை என்ன எண்டு எழுதுங்கோ. இது கனபேர் செய்யாத வேலை. எங்கட நாட்டில 1978 இல இருந்து நிறைவேற்று ஜனாதிபதி முறை, அவர் தான் முப்படைத் தளபதி, அமைச்சரவைக்குத் தலைவர், ஆர் அமைச்சர் எண்டு தீர்மானிக்கிறவர், தூக்குத்தண்டனைக் கைதிக்கும் மன்னிப்புக் குடுக்கக்கூடியவர். கதிரையில இருக்கும் வரைக்கும் அவரில சாதாரண வழக்குப் போடேலாது. பிழைச்சுப்போனா இடையில எடுக்கலாமோ எண்டால், பாராளுமன்றத்தில மூண்டில ரெண்டும் வேணும் உயர் நீதிமன்றத்தின்ர தீர்ப்பும் வேணும். 1991 இல பிரேமதாசவில முயற்சி பண்ணிப் பாத்தவை, சரிவரேல்ல, இண்டைவரைக்கும் அப்பிடி ஒருத்தரும் இறங்கினதில்லை. இதையெல்லாம் ஒரு பக்கத்தில எழுதிப்போட்டுப் பாத்தா உங்களுக்கே விளங்கும், "நல்லாக் கதைக்கிறார்", "அண்ணனை மாதிரி இல்லை", "அரசியல்வாதி இல்லை, வேலைகாரன்" எண்டதெல்லாம் அந்தப் பக்கத்தில ஒட்டவே ஒட்டாது.

இனி ஆள். சொன்னதைப் பாக்க முதல், இதுக்கு முந்தி கையில அதிகாரம் கிடைக்கேக்க என்ன செய்தவர் எண்டு பாருங்கோ. கோத்தாபய 2019 க்கு முதல் ஒரு தேர்தலிலும் நிண்டதில்லை, ஆனா 2005 இல இருந்து 2015 வரைக்கும் பாதுகாப்புச் செயலாளர், நகர அபிவிருத்தி அதிகார சபையும் அவருக்குக் கீழ தான் இருந்தது. இதில ரெண்டு பக்கமும் எழுதோணும், அதுதான் கஷ்டம். தெற்கில சனம் கண்டது என்ன? யுத்தம் முடிஞ்சது, கொழும்பு துப்புரவாச்சு, நடைபாதை வந்தது, சொன்ன வேலை சொன்ன நாளில முடிஞ்சது. அது பொய் இல்லை, நானும் கொழும்பில அந்த நடைபாதையில நடந்திருக்கிறன், வடிவாத்தான் இருந்தது. ஆனா அந்த வேலை எப்பிடி நடந்தது எண்டதையும் பக்கத்தில எழுதுங்கோ: ஆமிக்காரரை விட்டு, குடிசையில இருந்த சனத்தை எழுப்பி, கேள்வி கேக்க ஆளில்லாம. ஓடர் போட்டா நடக்கிற வேலையில கெட்டிக்காரன் ஒருத்தர், ஓடர் போட்டாலும் நடக்காத வேலையில, அதாவது டொலர் கையிருப்பு, மழை, சந்தை, இதுகளில என்ன செய்வார்? இந்தக் கேள்வியை 2019 இல ஆரும் கேட்டிருந்தா எங்களுக்கு அந்த லைன் மிச்சம்.

எங்கட பக்கத்துக் கணக்கு வேற. 2019 ஒக்டோபர் 15, கொழும்பில பெரிய ஹோட்டல் ஒண்டில அவற்ற பத்திரிகையாளர் சந்திப்பு. யுத்தக் கடைசியில ஆமியிட்ட சரணடைஞ்ச ஆக்களுக்கு என்ன நடந்தது எண்டு கேட்டினம். ஆமியை நடத்தினது நானில்லை, தளபதி எண்டார். பிறகு, எப்ப பாத்தாலும் பழசையே கேக்கிறியள், எதிர்காலத்தைப் பற்றிக் கேளுங்கோ எண்ட மாதிரி சொல்லி முடிச்சிட்டார். அந்த வீடியோவை நான் அப்ப கோவத்தோட பாத்தனான், 2022 இல திருப்பி ஆறுதலாப் பாத்தன். பாத்தா, அதுக்குள்ள எங்கட பிள்ளையளின்ர கேள்விக்கு மறுமொழி இல்லை எண்டது மட்டும் இல்லை, அந்த ஆள் கேள்வியை எப்பிடி எடுக்கிறார் எண்டதும் கிடக்கு. நல்லது நடந்தா நான், கெட்டது நடந்தா தளபதி. யுத்தத்தை வெண்டவர் எண்டு வோட்டுக் கேக்கிறவர், யுத்தத்தில நடந்ததைக் கேட்டா நானில்லை எண்டுறார். இதை எந்தத் தலைவருக்கும் போட்டுப் பாக்கலாம்: விருப்பமில்லாத கேள்வியை ஒருத்தர் கேட்ட ஒரு வீடியோவைத் தேடி எடுத்து, சத்தத்தைக் குறைச்சுப்போட்டு முதல் ஒருக்கா முகத்தைப் பாருங்கோ, பிறகு சத்தத்தோட பாருங்கோ. மேடைப் பேச்சு நூறைப் பாக்கிறதை விட அது பிரயோசனம்.

வழக்கு, சொத்து, பிரஜாவுரிமை இதுகளும் பாக்கோணும், ஆனா இதில கனநேரம் மினக்கெடத் தேவையில்லை. அவருக்கு அமெரிக்கப் பிரஜாவுரிமை இருந்தது, அதைக் கேட்டு வழக்குப் போட்டினம், 2019 ஒக்டோபர் 4 மேன்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவற்ற தகப்பன் டி.ஏ. ராஜபக்சவின்ர நூதனசாலைக்கு அரச காசைப் பாவிச்சது எண்ட வழக்கு நடந்துகொண்டிருந்தது, ஜனாதிபதியா வந்து மூண்டாம் நாள், நவம்பர் 21, விலக்குரிமை வந்திட்டுது எண்டு அவரை அதில இருந்து விடுவிச்சாச்சு. கொப்பியில எழுத வேண்டியது இவ்வளவுதான்: ஆளில வழக்கு இருந்தா, வெண்ட அடுத்த கிழமை அந்த வழக்குக்கு என்ன நடக்கும். குற்றவாளியோ இல்லையோ எண்டது நீதிமன்றத்தின்ர வேலை, தேர்தலை ஒரு ஒளிப்பிடமாப் பாவிக்கிறாரோ எண்டு பாக்கிறது எங்கட வேலை. இப்ப கொஞ்சம் சுகம், 2023 இல வந்த ஊழல் எதிர்ப்புச் சட்டத்தால வேட்பாளரின்ர சொத்து விபரத்தைப் பாக்கலாம். தேர்தல் செலவுக்கும் அதே வருசம் சட்டம் வந்து, 2024 ஜனாதிபதித் தேர்தலில ஒரு வாக்காளருக்கு 109 ரூபா எண்டு கட்டுப்பாடு போட்டது. கட்டவுட்டுகளை எண்ணிப்போட்டு பெருக்கிப் பாருங்கோ, பொழுது போகும்.

இப்ப ஐயா கேட்ட இடத்துக்கு வாறன், வாக்குறுதிக் கணக்கு. இதுக்குப் பொருளாதாரம் படிச்சிருக்கத் தேவையில்லை, ஓ.எல். கணிதம் காணும். அவற்ற "சுபீட்சத்தின் நோக்கு" விஞ்ஞாபனத்தில வற் வரியை 8 வீதமாக் குறைப்பன் எண்டு இருந்தது. அப்ப 15 வீதம். கொப்பியில எழுதுங்கோ: நூறு ரூபா வியாபாரத்தில 15 ரூபா வந்த இடத்தில 8 ரூபா வரப்போகுது, முந்தி வந்த காசு குறையாம வரோணும் எண்டால் வியாபாரம் எத்தினை மடங்கா வேணும்? 15 ஐ 8 ஆல பிரிச்சா 1.875. ஒரு நாட்டின்ர வியாபாரம் ஒரு வருசத்தில கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா ஏறுமோ? அதுக்கு மேல 2 வீத தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியும் இல்லை, சம்பளத்தில வெட்டுற வரியும் இல்லை. இதில அடுத்த கேள்வி, ஒரே ஒரு கேள்வி தான், எல்லா வேட்பாளரிட்டையும் கேக்கக்கூடியது: விடுற காசுக்குப் பதில் காசு எங்கயிருந்து வரும்? மறுமொழி "ஊழலை நிப்பாட்டுவம், வீண்செலவைக் குறைப்பம்" எண்டு மட்டும் வந்தா, மறுமொழி இல்லை எண்டு எழுதுங்கோ. எந்தக் கட்சி எண்டாலும்.

அவர் சொன்னதைச் செய்தவர், அதுதான் பகிடி. பதவி எடுத்து ரெண்டு கிழமைக்குள்ள, டிசம்பர் 1, வற் 8 வீதம். வருசத்துக்கு 1 கோடி 20 லட்சம் புரளிற கடையே முந்தி வற்றுக்குப் பதியோணும், அதை 30 கோடிக்கு ஏத்தினவை, பதிவில இருந்த கடையள் கொட்டுண்டு போச்சு. நாட்டின்ர வரி வருமானம் மொத்த உற்பத்தியில 8 வீதத்துக்குக் கிட்ட இறங்கினது. பிறகு கொரோனாவும் வந்தது எண்டது உண்மை, அதை அவரில போடேலாது, ஆனா வீட்டுக்கூரையை கழட்டிப்போட்டு மழை வந்தது எண்டு மழையைப் பேசேலாது தானே. வெளிநாட்டில புதுக்கடன் எடுக்கிற வழி 2020 இலயே அடைபட்டுது, 2019 கடைசியில 760 கோடி டொலர் இருந்த கையிருப்பு 2022 மே மாசம் பாவிக்கிறதுக்கு 5 கோடி கூட இல்லை எண்டு நிதி அமைச்சர் வாயால சொல்லுற அளவுக்கு வந்திட்டுது. ஏப்ரல் 12 இல கடன் கட்டேலாது எண்டு அறிவிச்சாச்சு. இதையெல்லாம் ஆரும் முன்னுக்குச் சொல்லேல்லையோ எண்டால், சொன்னவை. அப்ப நிதி அமைச்சரா இருந்த மங்கள சமரவீர தேர்தலுக்கு முதலே இந்த வரிக்குறைப்பு நாட்டை வங்குரோத்தாக்கும் எண்டு எச்சரிச்சவர். எதிர்க்கட்சிக்காரன் தானே, பயப்பிடுத்துறார் எண்டு எல்லாரும் விட்டாச்சு. அந்த மனிசன் 2021 ஓகஸ்டில கொரோனாவில செத்துப்போனார், தான் சொன்னது நடந்ததைப் பாக்கேல்ல. அதால கொப்பியில எதிராளி சொல்லுறதுக்கும் ஒரு பக்கம் விடுங்கோ, ஆர் சொன்னது எண்டதை மறைச்சுப்போட்டு கணக்கு சரியோ எண்டு மட்டும் பாருங்கோ.

அடுத்ததுதான் என்ர அளவில எல்லாத்திலும் பெரிசு, இதை ஒருத்தரும் பாக்கிறேல்ல. அவருக்குப் பக்கத்தில இருக்கிற ஆரெண்டாலும் "சேர், இது சரிவராது" எண்டு சொல்லிப்போட்டு அடுத்த நாளும் அதே கதிரையில இருக்க முடியுமோ? 

உரக்கதையை எடுங்கோ. அதே விஞ்ஞாபனத்தில இயற்கை உரத்துக்கு மாறுறது எண்டு இருந்தது, ஆனா பத்து வருசத்தில. பத்து வருசம் எண்டது நியாயமான கதை, நான் கூட கை தட்டியிருப்பன். 2021 ஏப்ரலில திடீரெண்டு இரசாயன உரம் வேண்டாம், மே மாசம் வர்த்தமானி, இறக்குமதி தடை. டொலர் இல்லை, உரத்துக்கு வருசத்துக்கு 40 கோடி டொலர் போகுது, அந்தக் கஷ்டத்தை வெளிய சொல்லாம அதுக்கு இயற்கை விவசாயம் எண்டு பேர் வைச்சாச்சு. விவசாயப் பேராசிரியர்மார் விளைச்சல் விழும் எண்டு எழுதிக் குடுத்தவை, கமக்காரர் ரோட்டில இறங்கினவை, ஒண்டும் ஏறேல்ல. நவம்பரில தடையை எடுத்தாச்சு, ஆனா பெரும்போகத்துக்கு அது பிந்திப்போச்சு. இடையில சீனாவில இருந்து ஹிப்போ ஸ்பிரிட் எண்டு ஒரு கப்பலில சேதன உரம் வந்து, அதில கிருமி கிடக்கு எண்டு இறக்க விடாம, கடைசியில இறக்காத உரத்துக்கு கிட்டத்தட்ட 70 லட்சம் டொலர் கட்டினது இந்த நாடு. உரமும் இல்லை காசும் இல்லை.

லைனில இருந்த ஐயா அதைச் சொன்ன விதம் இன்னும் காதுக்க நிக்குது. "இயற்கை உரம் எனக்குத் தெரியாதே தம்பி? அப்பர் காலத்தில குழை தாட்டுத்தான் தோட்டம் செய்தவை, பூவரசங்குழை, கிழமைக் கணக்கில வேலியை வெட்டி வண்டிலில ஏத்திக்கொண்டு வருவினம். இப்ப ஊருக்க வேலி எங்க இருக்கு, வெளிநாட்டுக் காசில எல்லாம் மதிலாப்போச்சு. மதிலை வெட்டியே தாக்கிறது?" பிறகு கையை விரிச்சு உள்ளங்கையில அளவு காட்டினார், அந்த வருசம் கிண்டின வெங்காயம் வழமையில பாதிப் பருமன் கூட இல்லையாம், விதை வெங்காயத்துக்கு வைச்சதே சுருங்கிப்போச்சாம். அந்த மனிசனை ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஜனாதிபதி செயலகத்தில கூப்பிட்டுக் கேட்டிருந்தா இந்த வேலிக்கதை காணும், வர்த்தமானி வந்திராது.

சரி, இதை தேர்தலுக்கு முதலே எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? ஆளைச் சுத்தி நிக்கிற ஆக்களின்ர பேரை எழுதுங்கோ. ஒவ்வொரு பேருக்கு முன்னாலயும் மூண்டில ஒண்டு போடுங்கோ: சொந்தக்காரன், பழைய கீழ்வேலைக்காரன், வெளியாள். அவற்றையில எழுதினா, ஒரு அண்ணன் மஹிந்த பிரதமர், இன்னொரு அண்ணன் சமல் அமைச்சர், தம்பி பசில் 2021 இல நிதி அமைச்சர், பெறாமகன் நாமல் விளையாட்டு அமைச்சர், அதுக்கு வெளிய எங்க பாத்தாலும் ஓய்வு பெற்ற படை அதிகாரிமார். ஆமியில "ஏலாது சேர்" எண்டு சொல்லிப் பழக்கமில்லை, குடும்பத்தில சொன்னா பந்தி வேறயாப் போயிடும். இது அவருக்கு மட்டும் இல்லை. ஒரு கட்சியில தலைவரை எதிர்த்து வோட்டுப் போட்டவன், கேள்வி கேட்டவன் இப்ப எங்க இருக்கிறான் எண்டு தேடிப் பாருங்கோ, எங்கட தமிழ்க் கட்சியளிலயும் தேடுங்கோ, சிரிப்பு வரும்.

அதோட தனக்கு வோட்டுப் போடாத சனத்தை என்ன செய்யிறார் எண்டது. இதில எங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. மிருசுவிலில 2000 டிசம்பரில எட்டுப் பேரைக் கொண்ட வழக்கில, அதில சின்னப் பிள்ளையும் ஒண்டு, 2015 இல தூக்குத்தண்டனை கிடைச்ச ஆமிக்காரனுக்கு 2020 மார்ச், நாடு ஊரடங்கில கிடக்கேக்க மன்னிப்பு. அதே வருசம் கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கு ஒரு செயலணி, துவங்கேக்க தமிழரும் இல்லை, முஸ்லிம் ஆக்களும் இல்லை. கொரோனாவில செத்த முஸ்லிம் சனத்தை வலுக்கட்டாயமா எரிச்சது 2021 பெப்ரவரி வரைக்கும். நான் சொல்ல வாறது என்னெண்டா, தெற்கில கனபேர் இதை "அவையின்ர பிரச்சினை" எண்டு வைச்சிருந்தவை. அது அவையின்ர பிரச்சினை இல்லை, அது ஆளின்ர குணத்துக்கு சாட்சி. வைத்தியமார் சொன்னதைக் கேக்காம சடலத்தை எரிச்சவர் தான் பேராசிரியர்மார் சொன்னதைக் கேக்காம உரத்தை நிப்பாட்டினவர். ஒரே பழக்கம், ரெண்டு இடம்.

எங்கட முறைக்கு எங்களையும் ஒருக்கா நிறுக்கோணும். 2005 இல யாழ்ப்பாண மாவட்டத்தில வோட்டுப் போட்டது 1.21 வீதம், பகிஷ்கரிப்பு. அந்தத் தேர்தலில மஹிந்த ராஜபக்ச வெண்ட வித்தியாசம் 1 லட்சத்து 80 ஆயிரத்து 786, யாழ் மாவட்டத்தில மட்டும் பதிவில இருந்த வோட்டு 7 லட்சம். போட்டிருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு ஆரும் சத்தியம் பண்ணேலாது, சுயமாப் போடாம விட்டவை எத்தினை பயத்தில போடாம விட்டவை எத்தினை எண்டதும் வேற கதை, ஆனா "நான் போடேல்ல, எனக்கும் நடந்ததுக்கும் சம்பந்தமில்லை" எண்டு மட்டும் எங்களால சொல்லேலாது. தம்பியார் கோத்தாபய பாதுகாப்புச் செயலாளரா வந்தது அந்த வெற்றியால தான். பிறகு 2010 இல யுத்தத்தை நடத்தின சரத் பொன்சேகாவுக்கே போட்டம், 2015 இல யுத்தத்தின்ர கடைசிக் கிழமையளில பதில் பாதுகாப்பு அமைச்சரா இருந்தன் எண்டு தானே சொன்ன மைத்திரிபாலவுக்குப் போட்டம். ரெண்டு தரமும் பிழை எண்டு நான் சொல்லேல்ல. "ஆர் நல்லவன்" எண்டு தேடினா எங்கட வாக்குச்சீட்டில அப்பிடி ஒரு பேர் அநேகமா இராது. "ஆர் வந்தா நாளைக்கு நான் வாய் திறந்து எதிர்க்கலாம்" எண்டு தேடினா ஒரு பேர் கிடைக்கும்.

அதுக்குத்தான் அதிகாரத்தை என்ன செய்யப்போறார் எண்டதையும் கேளுங்கோ. 2020 ஒக்டோபர் 22 இல அரசியலமைப்பின்ர 20 ஆவது திருத்தம், ஆணைக்குழுவளுக்கு ஆக்களைப் போடுறது திருப்பி ஜனாதிபதி கைக்கு, இரட்டைப் பிரஜாவுரிமைக்காரர் பாராளுமன்றத்துக்கு வரலாம் எண்டு அப்ப ஆக்கினவை, ஆதரவு 156, எதிர்ப்பு 65. எதிர்க்கட்சியில வெண்டு போனவையளும் அதுக்குக் கை தூக்கினவை. உங்கட எம்.பி. என்ன செய்தவர் எண்டு பாராளுமன்றப் பேச்சுப் பதிவான ஹன்சாட்டில கிடக்கு, பாராளுமன்ற வெப்சைட்டில இறக்கலாம், பொறுமை இல்லையெண்டா எம்.பி.மாரைக் கணக்குப் பாக்கிற மந்திரி.எல்கே எண்ட வெப்சைட்டைப் பாருங்கோ. ஜனாதிபதித் தேர்தலுக்கு துள்ளிக்கொண்டு போற சனம் பொதுத்தேர்தலுக்கு ஆறின தேத்தண்ணி மாதிரிப் போகும், ஆனா கடிவாளம் அங்க தான் இருக்கு. நிறைவேற்று முறையை ஒழிப்பன் எண்ட வாக்குறுதியையும் ஒரு வரி எழுதி வையுங்கோ: சந்திரிகா 1994, மஹிந்த 2005, மைத்திரி 2015. 2024 இல வெண்ட அநுரகுமார திசாநாயக்கவும் சொல்லியிருக்கிறார். நாலு பேர், கதிரை அப்பிடியே இருக்கு.

வாட்ஸ்அப்பில வாற சாமானுக்கு ஒரு சின்ன விசயம் மட்டும். திகதி இல்லாத வீடியோ, பேர் இல்லாத "நிபுணர்", உங்களுக்கு உடன ரத்தம் கொதிக்கிற செய்தி, இந்த மூண்டில ஒண்டு இருந்தா அண்டைக்கு ஃபோர்வேர்ட் பண்ணாதேங்கோ, அடுத்த நாள் பாருங்கோ. அடுத்த நாள் பாத்தா பாதி செத்திருக்கும். பெரியம்மாமாரிட்ட இதைச் சொல்லுறது கஷ்டம், எனக்கும் தெரியும்.

இனி வோட்டுப் போடுற நாள். வாக்காளர் அட்டை வரேல்ல எண்டு வீட்டில நிக்காதேங்கோ, பேர் இடாப்பில இருந்து அடையாள அட்டையும் இருந்தா போடலாம், பேர் இருக்கோ எண்டு கிராம சேவகற்ற (ஜிஎஸ்) ஒஃபிசில முன்னுக்கே பாத்து வையுங்கோ. சீட்டில ஒருத்தருக்கு மட்டும் போடுறதெண்டா புள்ளடியோ 1 ஓ ஏதோ ஒண்டு. ரெண்டாவது மூண்டாவது விருப்பமும் போடுறதெண்டா 1, 2, 3 எண்டு இலக்கம், புள்ளடியையும் இலக்கத்தையும் கலக்கக்கூடாது. 2024 இல 3 லட்சம் வோட்டு நிராகரிப்பு, எல்லாம் கோவத்தில பழுதாக்கினது இல்லை, கனக்க கை பிழைச்சது.

அந்த 2, 3 ஐ விளையாட்டா எடுக்காதேங்கோ. 2024 செப்டம்பர் 21 தேர்தலில ஒருத்தரும் 50 வீதம் தாண்டேல்ல, அநுர 42.31, சஜித் 32.76. சரித்திரத்தில முதல் தரமா ரெண்டாம் சுத்து எண்ணினது, அதாவது மற்றவைக்குப் போட்ட சீட்டுகளில 2, 3 இந்த ரெண்டு பேரில ஆருக்கு விழுந்திருக்கு எண்டு. மிச்ச வேட்பாளர்களுக்குப் போட்டவை 33 லட்சத்துக்கு மேல, அதில அநுரவுக்கும் சஜித்துக்கும் விருப்பமா எண்ணுப்பட்டது ரெண்டையும் கூட்டினாலும் 2 லட்சத்து 73 ஆயிரம் தான். தமிழ்ப் பொதுவேட்பாளர் எண்டு அரியநேத்திரனுக்குப் போட்ட 2 லட்சத்து 26 ஆயிரமும் அந்த 33 லட்சத்துக்குள்ள தான். முதல் வோட்டை மனசுக்குப் போடுங்கோ, ரெண்டாவதை தலையால போடுங்கோ, சட்டம் ரெண்டுக்கும் இடம் தந்திருக்கேக்க ஏன் பாதிச் சீட்டை வெறுமையா மடிச்சுப் போடுறியள்?

தேர்தல் முடிஞ்ச பிறகு சனம் செய்யிற பெரிய பிழை, மற்றவனைப் பேசுறது. "69 லட்சம்" எண்டு சொல்லிச் சொல்லி நக்கலடிச்சது நானும் தான். ஆனா அந்த 69 லட்சத்தில எத்தினை பேர் 2022 ஏப்ரலில இருந்து காலிமுகத்திடலில மழைக்க நிண்டவை. போட்ட ஆள் பிழைச்சுப்போச்சு எண்டு ரோட்டில வந்து சொன்ன சனம் அது, எங்களில கனபேர் எங்கட ஆக்களுக்கு அதைச் செய்யிறேல்ல. 2023 நவம்பர் 14 உயர் நீதிமன்றம் நாலுக்கு ஒண்டு எண்ட கணக்கில, கோத்தாபய, மஹிந்த, பசில், மத்திய வங்கிப் பெரியாக்கள் எல்லாரும் பொருளாதாரத்தைக் கையாண்ட விதத்தில சனத்தின்ர அடிப்படை உரிமையை மீறினவை எண்டு தீர்ப்புச் சொன்னது. வழக்குச் செலவைக் குடுக்கச் சொல்லிச்சு, அவ்வளவுதான். அந்த வழக்கைப் போட்டதும் சாதாரண பிரஜையள் தான், ஒரு நீச்சல் வீரரும் அதில இருந்தவர்.

இப்ப என்ர கொப்பியில புதுப்பக்கம் அநுரகுமாரவுக்கு. இடப்பக்கம்: 2004 இல சந்திரிகா அரசாங்கத்தில விவசாய அமைச்சர், அவற்ற கட்சி 2005 இல சுனாமி நிவாரணத்தை புலிகளோட சேந்து பங்கிடுற பொதுக்கட்டமைப்பை எதிர்த்து அரசாங்கத்தை விட்டு வெளிக்கிட்டது, 2006 இல வடக்கையும் கிழக்கையும் பிரிக்க வழக்குப் போட்டு வெண்டது. வலப்பக்கம்: 2024 நவம்பர் 1 இல பலாலி றோட்டு ஒண்டு 34 வருசத்துக்குப் பிறகு திறந்தது, அதே மாசப் பொதுத்தேர்தலில யாழ்ப்பாணத்தில ஆறு ஆசனத்தில மூண்டு அவையளுக்குப் போனது. அதுக்குக் கீழ வாக்குறுதி வாக்குறுதியா எழுதி, ஒவ்வொண்டுக்கும் நேர திகதிக்கு ஒரு பெட்டி கீறி விட்டிருக்கிறன்: பயங்கரவாதத் தடைச் சட்டம், புது அரசியலமைப்பு, 2014 க்குப் பிறகு எந்த மாகாணத்துக்கும் வைக்காத மாகாண சபைத் தேர்தல், காணி. நடந்தா திகதி, நடக்காட்டி வெறும் பெட்டி. மாசத்தில ஒருக்கா பாத்தாக் காணும், ஒவ்வொரு நாளும் பாத்தா விசர் பிடிக்கும்.

கொப்பியை எங்க வைக்கிறது எண்டதையும் சொல்லிப்போட்டு விடுறன். எங்கட வீட்டில பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, கரண்ட் பில் எல்லாம் போட்டு வைக்கிற பழைய பிஸ்கட் ரின் ஒண்டு இருக்கு, அம்மா அதுக்க தான் வைக்கச் சொன்னவ. நான் இல்லாத நேரம் எடுத்து வாசிக்கிறா போல, போன மாசம் பாத்தா கடைசிப் பக்கத்தில பென்சிலால "மண்ணெண்ணெய் லீற்றர் 87 இல இருந்து 340, 2022 ஓகஸ்ட்" எண்டு அவவின்ர எழுத்தில கிடக்கு. பேனையால எழுதுங்கோ அம்மா எண்டு சொல்லியிருக்கிறன்.